வியர்க்கும் கண்ணாடி: மலையகத்து வீட்டுக்கு வெளிச்சமும் பச்சையும்

நான் பிறந்த லயக் காம்பரா, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டின் ஓர் அறை, 10 அடிக்கு 12 அடி. அதற்கு ஒரே ஒரு ஜன்னல். கண்ணாடி கிடையாது, பலகைக் கதவுதான். மழைக்காலத்தில் அதைச் சாத்திவிட்டால் பகலிலும் விளக்கு வேண்டும். அடுப்புப் புகை வெளியேற வழியில்லாமல் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். 2018 ஆம் ஆண்டு, 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு எங்கள் கைக்கு வந்தது. கதவைத் திறந்ததும் அம்மா நேரே முன்னறை ஜன்னலுக்குப் போய் நின்றார். கண்ணாடிக்கு அப்பால், அவர் முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்த மலை தெரிந்தது.

அதனால் எங்கள் வீட்டில் ஜன்னல் துடைப்பது கடைசியாக நினைவுக்கு வரும் வேலை அல்ல. அந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பெரியப்பா. தோட்டத்துப் பங்களாவில் அப்புவாக, அதாவது வீட்டுப் பணியாளராக இருந்தவர். அவரோடு பதினொரு வருடம் அந்தப் பங்களாவைக் கூட்டித் துடைத்திருக்கிறேன். முன்பக்கம் மட்டும் 96 சிறு கண்ணாடிச் சதுரங்கள். அங்கே கற்றதையும், சொந்த வீட்டில் தவறிப்போய்த் திருத்திக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். புது வீட்டுக்குக் குடிவந்து, முதல் மழைக்காலத்திலேயே சுவர் கறுத்துப்போனதைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

கண்ணாடி ஏன் வியர்க்கிறது

கொழும்பில் ஜன்னலுக்குப் பகை தூசி. நமக்கு ஈரம். தலவாக்கலை ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். இரவானதும் வெளிக்குளிர் கண்ணாடியைச் சில்லிட வைக்கிறது. உள்ளே ஐந்தாறு பேரின் மூச்சு, கேத்தல் ஆவி, சோற்றுப் பானையின் ஆவி, கொடியில் காயும் பள்ளிச் சீருடை. இந்தச் சூடான ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் நீர்த்துளியாகிறது. துளிகள் திரண்டு கீழே வழிந்து சட்டத்தின் அடிப்பள்ளத்தில் தேங்குகின்றன. கறுப்புப் பூஞ்சை அங்கேதான் முளைக்கிறது. பிறகு சட்டத்திலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து திரைச்சீலைக்கும் ஏறுகிறது.

ஆகவே மாதம் ஒருமுறை செய்யும் பெரிய துடைப்பைவிடக் காலையில் செய்யும் சிறு துடைப்பு முக்கியம். எழுந்ததும் உலர்ந்த பருத்தித் துணி ஒன்றை எடுத்துக் கண்ணாடியின் கீழ்ப்பாதியையும் அடிச்சட்டத்தையும் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஒரு ஜன்னலுக்கு அரை நிமிடம் போதும். சமைக்கும்போது குசினி ஜன்னலை நான்கு விரல் அகலமாவது திறந்து வையுங்கள். ஈரத் துணியை வீட்டுக்குள் காயவைக்க வேண்டிய நாட்களில் எல்லா அறைகளிலும் போடாமல் ஒரே அறையில் போட்டு, அந்த அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். குளிர் உள்ளே வருமே என்று என் மாமியார் முதலில் சம்மதிக்கவில்லை. ஒரு மழைக்காலம் செய்து பார்த்த பிறகு, இப்போது அவரே காலையில் துணியோடு நிற்கிறார்.

எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு கருவி இருக்கிறது: பைனஸ் மரத்துக் காய். நன்றாக முற்றி உதிர்ந்த காயை எடுத்து ஜன்னல் திண்டில் வையுங்கள். காற்று உலர்ந்திருந்தால் அதன் செதில்கள் பூப்போல விரிந்து நிற்கும். ஈரம் ஏறினால் ஒவ்வொன்றாக மடங்கி, காய் மூடிக்கொள்ளும். உயிர் போன காயிலும் இது நடக்கும், ஏனென்றால் ஒவ்வொரு செதிலிலும் உள்ள இரு படைகளில் ஒன்று மற்றதைவிட அதிகமாக ஈரத்தில் விரிகிறது. ஒரு காயை வீட்டுக்குள்ளும் இன்னொன்றை இஸ்தோப்பிலும் (வெளித் திண்ணையிலும்) வையுங்கள். உள்காய் மூடியிருந்து வெளிக்காய் விரிந்திருந்தால் உடனே ஜன்னலைத் திறக்கலாம். இரண்டுமே மூடியிருந்தால் வெளியே மூடுபனி. திறந்து பயனில்லை, துடைத்துவிட்டுக் காத்திருங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை நின்று பெய்யும். அந்த மாதங்களில் ஜன்னலின் வெளிப்புறத்தைக் கழுவுவது வீண் வேலை. பெரிய சுத்தத்தை ஜனவரியிலிருந்து மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்தில் வெள்ளையடிப்போடு சேர்த்துச் செய்கிறோம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பிறகு, பெப்ரவரியில். அவர்களுக்கு இன்னொரு துடைப்பும் தேவைப்படும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஊவா மலைச்சரிவில் வீசும் வறண்ட கச்சான் காற்று, தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுப்பதோடு ஜன்னலுக்கு மண்தூசியையும் கொடுத்துவிட்டுப் போகிறது.

வெயில் நேராகக் கண்ணாடியில் அடிக்கும்போது துடைக்காதீர்கள். தண்ணீர் துணியை முந்திக்கொண்டு காய்ந்து கோடு விழும். மூடுபனி விலகி, வெயில் ஏறுவதற்கு முன் உள்ள நேரம்தான் நல்லது. எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் காலை எட்டரைக்கும் பத்துக்கும் இடையில்.

சட்டத்தில் தொடங்குங்கள்

கண்ணாடியை முதலில் துடைத்துவிட்டுச் சட்டத்துக்குப் போனால், சட்டத்து அழுக்குத் தண்ணீர் மறுபடியும் கண்ணாடியில் தெறிக்கும். பெரியப்பா இதில் மிகக் கண்டிப்பு. "சட்டம் காயாமல் கண்ணாடியைத் தொடாதே, பிள்ளை" என்பார்.

முதலில் உலர்ந்த தூரிகையால் சிலந்தி வலை, செத்த ஈசல், மண் எல்லாவற்றையும் தட்டிவிடுங்கள். தண்ணீர் பட்டபின் மண் சேறாகிவிடும். அலுமினிய இழுவை ஜன்னலாக இருந்தால், கீழ்த்தடத்தைப் பழைய பல் தூரிகையால் சுரண்டி எடுங்கள். அந்தத் தடத்தின் வெளிப்பக்கத்தில் சிறு துளைகள் இருக்கும், மழைநீர் வெளியேறுவதற்காக. புது வீடுகளில் அவை சீமெந்துக் கலவையால் அடைபட்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மழை பெய்தால் ஜன்னலடியில் தண்ணீர் உள்ளே வருகிறது என்று சொல்பவர்கள், மேஸ்திரியைக் கூப்பிடும் முன் ஒரு மெல்லிய கம்பியால் அந்தத் துளைகளைக் குத்திப் பாருங்கள். எங்கள் வரிசையில் நான்கு வீடுகளில் குறை அவ்வளவோடு தீர்ந்தது.

மரச்சட்டத்துக்குத் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். பழைய சட்டத்தில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டி வெடித்திருந்தால் அந்த இடத்தில் துணியை அழுத்தாதீர்கள். வறண்ட மாதத்தில் சுரண்டிப் புதுப் புட்டி வைத்து, காய்ந்தபின் மேலே வர்ணம் பூசுங்கள்.

சட்டத்தைச் சுற்றியுள்ள சீமெந்துச் சுவரில் கறுப்புப் பூஞ்சை இருந்தால், ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தடவி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கையுறை வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், குழந்தைகள் அந்த அறையில் இருக்கக் கூடாது. ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ப்ளீச் போட்ட இடத்தில் அதே நாளில் வினாகிரியைக் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சிறு அறையில் அது நெஞ்சைப் பிடித்துவிடும். மரத்தில் பூஞ்சை என்றால் ப்ளீச் வேண்டாம். வினாகிரியை அப்படியே துணியில் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு வர்ணம் அடியுங்கள்.

சாயமும் பத்திரிகையும்

இனிக் கண்ணாடி. வழக்கமான அழுக்குக்கு நான்கு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கோப்பை வினாகிரி, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி. அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். நுரை அதிகமானால் அதை எடுக்கவே இன்னொரு வாளித் தண்ணீர் போகும். வினாகிரித் தண்ணீர் சிவப்புச் சீமெந்துத் தரையிலோ திண்டிலோ சொட்டாமல் கீழே துணி விரியுங்கள். அமிலம் பட்டால் மெருகு போய் வெளுத்த புள்ளி விழும்.

பங்களாவில் வினாகிரி தீர்ந்த நாட்களில் பெரியப்பா எடுத்தது சாயம், அதாவது வெறும் தேநீர். முதல்நாள் மீந்த பால் சேராத, சீனி சேராத கடுஞ்சாயம். இப்போது என் வீட்டில் நானும் அதைத்தான் அதிகம் எடுக்கிறேன். செய்யும் விதம் இது. ஒரு கைப்பிடி தேயிலைத் தூளை அரைப் போத்தல் கொதிநீரில் போட்டு, முழுவதும் ஆறவிட்டு, துணியில் இருமுறை வடிகட்டுங்கள். தூள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பழைய கறுப்புத் துணியையோ, கறை படிந்தாலும் கவலையில்லாத துணியையோ அதில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழியுங்கள். ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளையும் முதலில் விரல் நுனியால் துடையுங்கள். அழுக்கு எப்போதும் மூலையில்தான் ஒளிந்திருக்கும். பிறகு நடுப்பகுதி. கண்ணாடி ஒரு கணம் இளம்பழுப்பாக மங்கும். அது காயும் முன்னே உலர்ந்த பத்திரிகைத் தாளைக் கசக்கி, ஒரே திசையில் தேயுங்கள். பத்திருபது தேய்ப்பில் தாள் கீச்சென்று சத்தமிடத் தொடங்கும். கண்ணாடி சுத்தமாகிவிட்டதற்கு அந்தச் சத்தம்தான் அடையாளம். அதற்குப் பிறகு விரலால் தொடாதீர்கள்.

சாயம் விரல்ரேகை, எண்ணெய்ப் படலம், மெல்லிய புகை மூன்றையும் எடுக்கிறது. ஆனால் வெள்ளை வர்ணம் அடித்த சட்டத்தில் பட்டுக் காய்ந்தால் மஞ்சள் கறை நிற்கும், ஆகவே கையோடு துடைத்துவிடுங்கள். பத்திரிகைத் தாளிலும் மை உண்டு. வெள்ளைச் சட்டத்தின் ஓரத்தில் துணியைப் பயன்படுத்துங்கள். பளபளப்பான விளம்பரத் தாள் இந்த வேலைக்கு உதவாது, தண்ணீரை உறிஞ்சாமல் வழுக்கும்.

உள்பக்கத்தைக் கிடையாகவும் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் தேய்ப்பது நல்ல பழக்கம். கடைசியில் ஒரு கோடு மிஞ்சினால், அது எந்தத் திசையில் கிடக்கிறது என்று பார்த்தே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

ஒற்றைப் பெரிய கண்ணாடிக்கு ரப்பர் வைப்பர் கைகொடுக்கும். மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்தை முதலில் துணியால் உலர்த்திக்கொண்டு, அங்கிருந்து இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் பிறகு ரப்பரைத் துணியில் துடைக்க வேண்டும். இதை விடுபவர்களுக்குத்தான் கோடு விழுகிறது. சிறு சதுரங்களுக்கு வைப்பர் வேண்டாம்.

புது வீட்டுக் கண்ணாடியில் சீமெந்துத் துளி ஒட்டியிருந்தால் சுரண்டும் ஆசை வரும். முதலில் வினாகிரியில் நனைத்த துணியை அதன்மேல் கால்மணி நேரம் ஒட்டி வையுங்கள். பிறகு கண்ணாடி ஈரமாக இருக்கும்போதே, சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஒரே பக்கமாகத் தள்ளுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் துளியின் மணல் கண்ணாடியைக் கீறும். நான் இரும்பு நாரால் தேய்த்த ஒரு ஜன்னல் இன்றும் எங்கள் பின்னறையில் இருக்கிறது. மாலை வெயில் படும்போது அந்தக் கீறல்கள் எல்லாம் தெரியும்.

குசினி ஜன்னல்

விறகடுப்பு இருக்கும் குசினியில் கண்ணாடியின்மேல் படிவது தூசி அல்ல, தார் போன்ற பசை. சாயமும் வினாகிரியும் அதற்குப் போதாது. அடுப்புச் சாம்பலே மருந்து. ஆறிய வெள்ளைச் சாம்பலை மெல்லிய துணியில் சலித்து, மாவுபோல் விழுவதை மட்டும் எடுங்கள். ஈரப் பத்திரிகைத் தாளில் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். சாம்பலில் உள்ள காரம் புகைப்பசையைக் கரைக்கிறது. சலிக்காத சாம்பலில் மணலும் கரித்துண்டும் இருக்கும், கீறிவிடும். கையுறை போடுங்கள், காரம் தோலையும் அரிக்கும். அலுமினியச் சட்டத்தில் சாம்பல் குழம்பு நிற்க விடாதீர்கள், அலுமினியம் கறுத்துப் பொரியும். அந்தச் சட்டங்களுக்குப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த சுடுநீர் போதும்.

முதல் மழைக்காலத்தில் நான் செய்த பிழை

இனி மலையை வீட்டுக்குள் கொண்டுவரும் கதை. வீடு கிடைத்த சந்தோஷத்தில், கண்ணில் பட்ட அழகையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தேன். ஓடைக்கரைப் பாசியைத் தட்டுத் தட்டாக எடுத்து வந்து ஜன்னல் திண்டில் அடுக்கினேன். பிடுங்கிப் போட்டிருந்த பழைய தேயிலைத் தூர் ஒன்றை மண் போகக் கழுவி, அன்றே முன்னறை மூலையில் வைத்தேன். மூன்று வாரத்தில் திண்டுக்கு மேலே சுவர் கறுத்தது. சின்ன மகளுக்கு இருமல் நிற்கவில்லை. ஒரு மாலை, தூரின் அடியிலிருந்து சிறகுள்ள கறையான்கள் விளக்கை நோக்கிப் பறந்தன. எல்லாவற்றையும் வெளியே எறிந்துவிட்டு, அம்மாவும் நானும் இரவு பதினொரு மணிவரை சுவர் கழுவினோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி. வெளியிலிருந்து வரும் எதுவும் முதலில் காய வேண்டும். உயிருள்ளதென்றால் அதன் ஈரத்துக்கு ஓர் எல்லை வேண்டும். வெளிச்சத்தை மறைக்கும் எதுவும், எவ்வளவு அழகாக இருந்தாலும், ஜன்னலுக்கு முன் நிற்கக் கூடாது.

தேயிலைத் தூர்

அந்தத் தவறுக்குப் பிறகும் தேயிலைத் தூரை நான் கைவிடவில்லை. பல தலைமுறை கவ்வாத்துக் கத்தி (செடியைக் கத்தரிக்கும் கத்தி) பட்டுப் பட்டு, முடிச்சும் முறுக்குமாக இறுகிய அந்த மரத்துக்கு இணையான அலங்காரப் பொருள் எந்தக் கடையிலும் இல்லை. தோட்டம் பழைய செடியைப் பிடுங்கிப் புதுக்கன்று நடும்போது, கேட்டு வாங்குங்கள். கேட்காமல் எடுக்காதீர்கள்.

வாங்கியதும் கத்தி முனையால் எல்லா இடமும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல மரம். மொத்தென்று கேட்டால் உள்ளே கறையான் குடைந்த வெற்றிடம்; அதை விறகாக்கிவிடுங்கள். நம் மலைத் தேயிலையில் உயிர்மரத்தையே குடையும் கறையான் உண்டு, வெளியே பார்த்தால் தெரியாது. நல்ல தூரைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பட்டையைக் கழற்றி, வேர் இடுக்குகளில் உள்ள மண்ணைக் குச்சியால் குத்தி எடுத்துக் கழுவுங்கள். பிறகு கூரை நிழலில், தரையில் படாமல் இரண்டு செங்கல்மேல் வைத்து, குறைந்தது மூன்று மாதம் காயவிடுங்கள். நேர் வெயிலில் போட்டால் வெடிக்கும். குசினியில் அடுப்புச் சூடு படும் இடத்தில் இன்னும் ஒரு மாதம் வைத்தால் நல்லது. காய்ந்த தூரைக் கையில் தூக்கினாலே எடை குறைந்தது தெரியும்.

மெருகுக்கு லின்சீட் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாக இரண்டு பூச்சு. இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்து வெளியே கொடியில் காயவிட்டு அல்லது தண்ணீரில் ஊறவைத்து எறியுங்கள்.

ஓர் அறைக்கு ஒரு தூர் போதும். அதைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, ஜன்னலின் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் வையுங்கள். பக்க வெளிச்சத்தில்தான் முறுக்குகளின் நிழல் எழும். மேலே தடித்த கண்ணாடி போட்டுச் சிறு மேசையாக்குபவர்களும் உண்டு. எனக்கு வெறுமையாக நிற்பதே பிடிக்கும்.

உயிருள்ள பச்சை

செடி வாங்கும் முன் ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 7 பாகை வடக்கே. ஏப்ரல் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர்மேலே வந்து, பிறகு வடக்கே சாய்ந்து, செப்டம்பர் தொடக்கத்தில் மீண்டும் தலைக்கு மேலே வருகிறது. ஆகவே வடக்கு ஜன்னலுக்கு ஆண்டின் நடுவில்தான் நேர் வெயில், தெற்கு ஜன்னலுக்கு மார்கழி, தை மாதங்களில். செடியைச் சித்திரையிலும் ஆவணி கடைசியிலும் இடம் மாற்றி வைத்தால், வெயிலில் கருகாது, இருட்டில் வாடாது.

பன்னம் (பெரணி) நம் மண்ணின் செடி. குளிரும் ஈரமும் அதற்குப் பழக்கம். குளியலறை ஜன்னலில் வையுங்கள், அங்குள்ள ஆவியைக் குடித்து வளரும். அந்தூரியத்துக்கு நேர் வெயில் கூடாது, வெளிச்சம் வேண்டும். ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே. புதினா குசினித் திண்டில் தடையில்லாமல் வளரும். கறிவேப்பிலையைக் குளிர் அறையில் வைத்து மனம் வருந்தாதீர்கள்.

தொட்டியைக் கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். இலை வியர்த்த கண்ணாடியில் ஒட்டினால் அந்த இடம் அழுகும், நீங்கள் காலையில் துடைக்கவும் முடியாது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நிற்கவிடாதீர்கள். தண்ணீர்ப் போத்தலில் வேர்விடும் மணி பிளாண்டுக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, போத்தலின் உள்பக்கத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது அந்த ஓரத்தில்தான். இரவில் உறைபனி விழும் தை, மாசி நாட்களில் நுவரெலியாப் பக்கத்தவர்கள் திண்டுச் செடிகளை இரவுக்கு மட்டும் அறை நடுவுக்கு எடுத்துவிடலாம்.

காட்டில் பூத்திருக்கும் ஓர்க்கிட்டைப் பெயர்த்துக்கொண்டு வராதீர்கள். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. அங்கிருந்து ஓர் இலைகூட எடுக்கச் சட்டம் இடம் கொடுக்காது. வெளியே உள்ள காட்டிலும் பல செடிகள் 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். மரக்கிளைப் பாசியில் வேரோடிய செடி நம் தொட்டியில் ஒரு பருவம்கூடத் தாங்காது. நாற்று மேடையில் வளர்த்த செடியை வாங்குங்கள். வேலியோரப் பன்னம் எடுக்கப் போனாலும் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போங்கள், அட்டை ஏறாது.

காய்ந்தவை

ஹைட்ரேஞ்சியா நம் வீட்டு வாசல்களில் நீலமாகப் பூப்பது, தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் இங்கே இருப்பதால். அதைப் பூத்ததும் வெட்டினால் இரண்டு நாளில் தொங்கிவிடும். செடியிலேயே விடுங்கள். இதழ் தடித்து, நீலத்தில் பச்சை கலந்து, தொட்டால் கடதாசி போலச் சரசரக்கும்போது வெட்டி, இலைகளைக் களைந்து, ஒரு விரல் உயரத் தண்ணீரில் நிற்க வையுங்கள். தண்ணீர் தானே வற்றட்டும், மறுபடி ஊற்றாதீர்கள். அப்படிக் காய்ந்த பூ அடுத்த வருடம் வரை நிற்கும்.

சவுக்கு மரத்து (நம் பக்கம் கிரெவிலியாவைத்தான் அப்படிச் சொல்கிறோம்) இலையைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் வெள்ளி. நான்கைந்து கிளைகளை ஒரு மண்பானையில் நிறுத்தினால் மழைநாள் வெளிச்சத்திலும் மின்னும். பன்னத்து இலைகளைப் பத்திரிகைத் தாள்களுக்கு இடையில் வைத்து, மேலே கனமான பலகை ஏற்றுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு முதல் ஐந்து நாளும் தினம் தாள் மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இலை கறுக்கும். இரண்டு வாரத்தில் காய்ந்ததும் சட்டம் போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

பிளாஸ்டிக் கொடிகளும் பிளாஸ்டிக் பூக்களும் வேண்டாம் என்பேன். விறகுப் புகை அவற்றில் ஒட்டினால் கழுவிக்கூட எடுக்க முடிவதில்லை. வாசலுக்கு வெளியே உயிருள்ள மலை நிற்கும்போது அவற்றுக்கு என்ன தேவை?

திரையும் எதிர்ச்சுவரும்

தடித்த திரைச்சீலை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அம்மாவின் பழைய வெள்ளைப் பருத்திச் சேலை ஒன்றை வெட்டித் தைத்த திரைதான் எங்கள் முன்னறையில் தொங்குகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துவைக்கிறேன். திரைக் கம்பியை ஜன்னலைவிட இருபக்கமும் ஒரு சாண் நீளமாக மாட்டுங்கள். திரையை ஒதுக்கினால் அது சுவர்மேல் போய் நிற்கும், கண்ணாடி முழுவதும் திறந்திருக்கும். அதே ஜன்னல் பெரிதாகிவிட்டது போல இருக்கும்.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். சுண்ணாம்பின் காரம் பூஞ்சையை அண்டவிடாது, வெண்மை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அந்தச் சுவரில், ஜன்னலுக்கு நேரே, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மாட்டினோம். இப்போது அறையின் பின்பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கும் மலை தெரிகிறது.

கடைசியாக அம்மாவின் கொழுந்துக் கூடை. மூங்கில் பிளாச்சில் பின்னியது. பிறகு தோட்டத்தில் பிளாஸ்டிக் பையும் படங்கும் வந்து, கூடை பரணுக்குப் போனது. அதை இறக்கி, உலர்ந்த தூரிகையால் இடுக்குத் தூசியைத் தட்டி, பிழிந்த துணியால் துடைத்து, இரண்டு நாள் நிழலில் காயவைத்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வைத்து, அதற்குள் பன்னத் தொட்டி. கிண்ணம் இல்லாமல் தொட்டியை வைத்தால் மூங்கில் ஒரு மழைக்காலத்தில் இற்றுப்போகும். நெற்றியில் மாட்டும் கயிற்றை அறுக்கவில்லை, அதிலேயே தொங்கவிட்டேன்.

ஜன்னலுக்கு நடுவில் தொங்கினால் அழகாக இருக்கும் என்று ஆணியை அங்கே வைத்துப் பார்த்தேன். அம்மா கதிரையில் உட்கார்ந்து சற்று நேரம் பார்த்தார். "கொஞ்சம் இடப்பக்கம் தள்ளு பிள்ளை, ஏழாம் நம்பர் மலை மறைகிறது" என்றார். ஆணியைச் சட்டத்திலிருந்து ஒன்றரைச் சாண் இடப்பக்கம் அடித்தேன்.